பெல்ட்டைக் காக்கும் சின்ன உறுப்புகள்: கியரில்லா ஸ்கூட்டரின் பக்கமூடியை முதன்முறை திறப்பவர்களுக்கு

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கேரளத்துக்குள் நுழையும் கொல்லம் சாலையில், 'எஸ்' வளைவு ஏறும் இடத்தில் கியரில்லா ஸ்கூட்டர்களின் நலத்தைக் காதாலேயே அறிந்துகொள்ளலாம். நல்ல வண்டி ஒரே சீரான இரைச்சலுடன் ஏறிப் போய்விடும். கெட்டுக்கொண்டிருக்கும் வண்டியில் இன்ஜின் மட்டும் உச்சத்தில் கத்த, சக்கரம் தயங்கித் தயங்கி உருளும். புனலூர்ப் பக்கத்திலிருந்து பட்டறைக்கு வருபவர்கள் இதை 'வலிவில்ல' என்பார்கள். நம்மவர்கள் 'இழுவை இல்லை' என்பார்கள். இரு சாராருமே அடுத்த வாக்கியத்தில், "போன வருஷம்தான் பெல்ட் மாற்றினேன்" என்று சேர்த்துக்கொள்வார்கள்.

அவர்கள் சொல்வது பொய்யில்லை. பெல்ட் புதிதாகத்தான் மாற்றப்பட்டிருக்கும். ஆனால் பெல்ட் மாற்றிய நாளில் அதைச் சுற்றியிருந்த தேய்ந்த பிளாஸ்டிக் துண்டும், இறுகிப்போன ரப்பர் வளையமும், கோடு விழுந்த புஷ் என்னும் உலோகக் குழலும் அப்படியே திரும்ப மாட்டப்பட்டிருக்கும். பெல்ட், புல்லி, கிளட்ச் ஆகிய விலை கூடிய மூன்றும் பெரும்பாலும் தாமாகக் கெடுவதில்லை என்பதும், அவற்றைத் தாங்கியும் தடுத்தும் நிற்கும் மலிவான உறுப்புகள் முதலில் கெட்டு அவற்றையும் இழுத்துக்கொண்டு போகின்றன என்பதும் பல ஆண்டுகளாக இந்த மூடிகளைத் திறந்து பார்த்து நான் கண்டறிந்தவை. இந்தப் பகுதியில் அது இன்னும் வேகமாக நடக்கிறது. ஆனி முதல் ஆவணி வரை கணவாய் வழியே வீசும் சாரல், ஆரியங்காவு வரை நீளும் ஏற்றம், இரண்டு பேரும் ஒரு மூட்டையுமாக ஏறும் வழக்கம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்து அந்தச் சின்ன உறுப்புகளைத் தேய்க்கின்றன.

உள்ளே என்ன நடக்கிறது

மூடியைத் திறக்குமுன் இயக்கத்தை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். முன்னால் இன்ஜின் சுழற்றும் கிராங்க் தண்டில் ஒரு புல்லியும் பின்னால் சக்கரத்தின் பக்கம் ஒரு புல்லியும் இருக்கின்றன; இரண்டையும் பெல்ட் இணைக்கிறது. இரண்டும் எதிரெதிரே நிற்கும் இரண்டு சரிந்த தட்டுகளால் ஆனவை. இன்ஜின் வேகம் கூடும்போது முன்புல்லிக்குள் இருக்கும் ரோலர்கள் என்னும் சிறு உருளைகள் மையவிலக்கு விசையால் வெளிப்பக்கம் நகர்ந்து, நகரும் தட்டை நிலையான தட்டை நோக்கித் தள்ளும். இடைவெளி குறுகவே பெல்ட் முன்னால் மேலேறும். பின்னால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தை மீறித் தட்டுகளை விரித்துக்கொண்டு கீழிறங்கும். பின்புல்லியின் ஒரு சுற்றுக்கு முன்புல்லி எத்தனை சுற்று சுற்றுகிறது என்னும் சுழற்சி விகிதம், புறப்படும்போது ஏறத்தாழ இரண்டரையாக இருந்து, வேகம் கூடக்கூட ஒன்றுக்கும் கீழே படிப்படியாக மாறுவது இவ்வாறுதான். நெதர்லாந்தின் ஹப் வான் டோர்ன் 1958-ல் டாஃப் காரில் அறிமுகப்படுத்திய ஏற்பாட்டின் வழிவந்தது இது. நம் நாட்டுச் சாலைகளில் இதைப் பரவலாக்கிய முதல் ஸ்கூட்டர் 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டா.

இந்த ஏற்பாட்டில் இரண்டு தட்டுகள் ஓயாமல் முன்னும் பின்னும் நகர்கின்றன. நகரும் எந்தப் பொருளுக்கும் வழிகாட்டும் பரப்பு ஒன்று வேண்டும்; அந்தப் பரப்புத் தேயாமலிருக்க, தனக்குப் பதில் தேய்ந்துகொள்ளும் மென்மையான பொருள் ஒன்றும் வேண்டும். கீழே சொல்லப்போகும் சின்ன உறுப்புகளில் பல அந்த வேலைக்காகவே வைக்கப்பட்டவை.

திறப்பதற்கு முன்

வண்டி நன்றாக ஆறியிருக்க வேண்டும். சமமான தரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் மூடியையும் கழற்றி வைத்துவிடுங்கள். கிராங்கைக் கையால் சுற்றும்போது இன்ஜின் பற்றிக்கொள்ளக் கூடாது. மூடியின் வெளிப்புறச் சேற்றைத் திறப்பதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும், இல்லையெனில் அது நேராகப் பெல்ட்டின் மேல்தான் விழும்.

மூடியின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமுடையவை அல்ல. ஓர் அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தில் குத்தி வைப்பது பழைய முறையானாலும் இன்றும் அதைவிடச் சிறந்த முறை இல்லை. நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் முடுக்கினால் அலுமினிய மரையே பிய்ந்துவிடும். மூடிக்கும் உடலுக்கும் இடையே, மூடியை நேராக நிறுத்த இருக்கும் டவல் பின்கள் சில வேளை மூடியோடு வந்து தரையில் விழுந்து உருண்டுவிடும், அவற்றை எண்ணி எடுத்து வையுங்கள். அவை இல்லாமல் மூட்டப்பட்ட மூடி மயிரிழை தள்ளி உட்காரும். அந்த இடுக்கு வழியே சாரல் உள்ளே போகும்.

திறந்ததும் எதையும் துடைக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். உலர்ந்த கறுப்புத் தூள் மெல்லியதாகப் படிந்திருந்தால் அது பெல்ட்டும் கிளட்ச் கட்டையும் இயல்பாகத் தேய்ந்த தூள். செம்பழுப்பு நிறம் தெரிந்தால் நீர் புகுந்து துரு ஏறியிருக்கிறது. பளபளப்பான ஈரக் கறுப்புப் பசையாக இருந்தால் எங்கோ கசிவைத் தடுக்கும் சீல் ஒன்று விட்டுவிட்டது. அந்தக் கசிவு முன்புறம் கிராங்க் தண்டைச் சுற்றியிருந்தால் இன்ஜின் ஆயிலாகவும், பின்புறம் கிளட்ச் தண்டின் அடியிலிருந்தால் கியர் ஆயிலாகவும், கிளட்ச்சை மூடியிருக்கும் கிண்ணம் போன்ற கிளட்ச் பெல்லின் உட்புறம் சிதறியிருந்தால் பின்புல்லியின் கிரீஸாகவும் இருக்கும். முதலிலேயே துடைத்துவிட்டால் இந்தத் தடயம் போய்விடும். துடைக்கும்போதும் காற்றுக் குழாயால் ஊதாமல், முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஈரத்துணியால் எடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

முன்புல்லி: ரோலர், ஸ்லைடு பீஸ், புஷ்

முன்புல்லியின் நட்டைக் கழற்றப் புல்லியை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஹோல்டர் தேவை. வெளித்தட்டின் விசிறி இதழ்களுக்கிடையே ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நிறுத்துவது பல இடங்களில் நடக்கிறது, அதைச் செய்யாதீர்கள். ஓர் இதழ் உடைந்தாலும் தட்டின் சமநிலை போய்விடும். பெல்ட்டைக் குளிர்விக்கும் காற்றும் குறையும். நட்டும் அதன் வாஷரும் வந்தபின் வெளித்தட்டு கையோடு வரும். பிறகு நகரும் தட்டையும் அதன் முதுகில் ரோலர்களை மூடி நிற்கும் ரேம்ப் பிளேட்டையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாக இழுக்க வேண்டும். பிரித்து இழுத்தால் ரோலர்கள் உள்ளே சிதறி, எது எந்தக் குழியில் எப்படித் தேய்ந்தது என்ற செய்தி தொலைந்துவிடும்.

ரோலர்கள் பெரும்பாலான வண்டிகளில் ஆறு இருக்கும். உலோக உள்ளீட்டின் மேல் பிளாஸ்டிக் உறை போர்த்தியவை. ஒவ்வொன்றையும் விரல்களுக்கிடையே உருட்டினாலே தட்டையாகத் தேய்ந்த பக்கம் உணர்வில் தெரியும். வெர்னியர் அளவுகோல் இருந்தால் இரண்டு மூன்று திசைகளில் விட்டத்தை அளந்து, உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் தந்திருக்கும் எல்லையோடு ஒப்பிடுங்கள். தட்டையான ரோலர் உருளாது, சறுக்கும். சரிவின் நடுவில் சிக்கிக்கொள்ளவும் செய்யும். ஏற்றத்தில் வேகம் குறையும்போது அது உள்ளே திரும்பாவிட்டால் பெல்ட் 'கீழ் விகிதம்' எனப்படும், புறப்படும்போதுள்ள விகிதத்துக்குத் திரும்பாது. அந்தச் சுமை முழுவதும் கிளட்ச்சின் மேல் விழும். ஒன்று தேய்ந்தாலும் ஆறையும் மாற்ற வேண்டும், எடையும் நிறுவனம் குறிப்பிட்டதாகவே இருக்க வேண்டும். கனமான ரோலர் போட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று சொல்பவர்கள் உண்டு. கனமான ரோலர் பெல்ட்டைச் சீக்கிரமே வேக ஓட்டத்துக்குரிய மேல் விகிதத்துக்குத் தள்ளிவிடுவதால் சமவெளியில் இன்ஜின் அமைதியாக ஓடுவது உண்மைதான். புளியரை ஏற்றத்தில் அதே வண்டி மூச்சு வாங்கும்.

ஸ்லைடு பீஸ் என்பவை ரேம்ப் பிளேட்டின் மூன்று காதுகளில் செருகியிருக்கும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கவ்விகள். புதியவர்கள் மட்டுமல்லாமல், பல ஆண்டு அனுபவமுள்ளவர்களும் இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நகரும் தட்டின் முதுகிலுள்ள அலுமினிய விலா எலும்புகளைப் பிடித்துக்கொண்டு, ரேம்ப் பிளேட்டும் தட்டும் ஒன்றாகச் சுழலவும், அதே நேரம் தட்டு முன்பின்னாக வழுக்கிச் செல்லவும் செய்பவை இவையே. இவை தேய்ந்தால் காதுக்கும் விலாவுக்கும் இடையே தளர்வு உண்டாகி, வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது 'கடகட' என்ற ஒலி கேட்கும். அந்த ஒலியைப் பொறுத்துக்கொண்டு ஓட்டினால் பிளாஸ்டிக் முடிந்து இரும்புக் காது நேரடியாக அலுமினியத்தை அடிக்கத் தொடங்கும்; விலாவில் பள்ளம் விழும். அதன்பின் புதிய ஸ்லைடு பீஸ் போட்டும் பயனில்லை, முழுத் தட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். எனவே ரோலர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அடுத்தது கடைகளில் வேரியேட்டர் புஷ் என்று கேட்டு வாங்கும் எஃகுக் குழல். நகரும் தட்டு இதன் மேல்தான் வழுக்குகிறது. நகத்தால் நீளவாட்டில் வருடிப் பாருங்கள். படி தட்டுப்பட்டாலோ கோடுகள் தெரிந்தாலோ அது முடிந்தது. தேய்ந்த புஷ்ஷின் மேல் தட்டு சாய்ந்தாடும். சாய்ந்த தட்டு பெல்ட்டின் ஒரு விளிம்பை மட்டும் தின்னும். பெல்ட்டின் ஒரு பக்கம் நூல் பிரிந்தும் மறுபக்கம் நன்றாகவும் இருந்தால் நான் முதலில் இந்தப் புஷ்ஷையே சந்தேகிப்பேன். இதற்குக் கிரீஸ் தடவலாமா என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் வண்டியின் கையேடு தடவச் சொன்னால் சொன்ன இடத்தில் சொன்ன அளவு மட்டும் தடவுங்கள். சொல்லாவிட்டால் உலர்ந்தபடியே விடுங்கள். சுழற்சியில் சிதறும் கிரீஸ் பெல்ட்டைத்தான் போய்ச் சேரும்.

பின்புல்லியும் கிளட்ச்சும்

பின்பக்க நட்டைக் கழற்றிக் கிளட்ச் பெல்லை எடுத்தால், வேகம் கூடும்போது விரிந்து அந்தப் பெல்லைப் பற்றும் மூன்று கிளட்ச் கட்டைகளும் அவற்றைப் பிணைக்கும் சிறு ஸ்பிரிங்குகளும் தெரியும். இதற்கு மேல் பிரிக்கும்போது ஓர் எச்சரிக்கை: கிளட்ச் தட்டுக்குப் பின்னால் பெரிய ஸ்பிரிங் அழுத்தப்பட்டு இருக்கிறது. அதை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் நடு நட்டைக் கழற்றினால் முழுத் தொகுதியும் முகத்தை நோக்கிப் பாயும். கருவி இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் செய்துகொள்வதே நல்லது.

கட்டைகளைப் பிணைக்கும் சிறு ஸ்பிரிங்குகளின் வேலை, இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது கட்டைகளை உள்ளிழுத்து வைத்திருப்பது. ஒன்று இளகினாலோ முறிந்தாலோ அந்தக் கட்டை மட்டும் எப்போதும் பெல்லை உரசிக்கொண்டிருக்கும். பெல் சூடாகி நீலம் பாரிக்கும். வண்டி புறப்படும்போது அதிரும். மூன்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள். கட்டைகள் சாய்ந்து நிற்கும் முளைகளில் சில வண்டிகளுக்குச் சிறு ரப்பர் டாம்பர்கள் உண்டு. அவை வெடித்திருந்தாலும் அதே அதிர்வு வரும், ஆனால் குற்றம் கட்டைகளின் மேல் சுமத்தப்படும். பக்கத்தட்டைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் ஒருமுறை விரிக்கப்பட்டால் பிடிப்பை இழக்கின்றன. அவற்றுக்குப் புதியவையே போட வேண்டும்.

இனி ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்களும் ஆயில் சீல்களும். பின்புல்லியின் நகரும் தட்டு, சாய்ந்த காடிகளில் பின்களைப் பிடித்துக்கொண்டு திருகியபடி நகர்கிறது. ஏற்றத்தில் சுமை கூடும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது இந்தத் திருகல்தான். அந்தக் காடிகளுக்குக் கிரீஸ் வேண்டும், அந்தக் கிரீஸ் வெளியேறவும் கூடாது. அதற்காகத்தான் மேலே ஒரு குழல் மூடியும், அதனடியில் இரண்டு ஓ-ரிங்குகளும், தட்டின் துளையில் சீல்களும் இருக்கின்றன. வெப்பத்தில் இந்த ரப்பர் இறுகி வெடித்துவிட்டால் கிரீஸ் ஒரு பக்கம் பெல்ட்டுக்கும் மறுபக்கம் கிளட்ச் பெல்லுக்கும் சிதறும், காடிகளும் வறண்டுபோகும். பெல்ட் வழுக்கும், கிளட்ச் வழுக்கும், தட்டு சிக்கும் என்று மூன்று நோயும் இரண்டு ரப்பர் வளையங்களிலிருந்து வருகின்றன. பின்புல்லியைப் பிரிக்கும் எவரும் பழைய ஓ-ரிங்கைத் திரும்ப மாட்டவே கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. புதியவற்றின் மேல் மெல்லிய கிரீஸ் பூச்சு தடவி, முறுக்கு விழாமல் பள்ளத்தில் உட்கார வையுங்கள். பின்கள் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

காற்று வழி

பெல்ட்டின் பெரிய பகைவன் வெப்பம். விசிறி இழுக்கும் காற்று ஒரு குழாய் வழியே உள்ளே வருகிறது. பல வண்டிகளில் அதன் வாயிலில் ஒரு நுரைப் பஞ்சு வடிகட்டி உண்டு. சாரல் காலத்தில் அது நனைந்து, செம்மண் ஒட்டி, களிமண் அடைபோல ஆகிவிடும். அதைக் கழுவி நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டுங்கள், பொடிந்துவிட்டால் புதிது வாங்குங்கள். வண்டி கழுவும்போது அழுத்த நீரை இந்தக் குழாயின் வாயை நோக்கிப் பாய்ச்சக் கூடாது. நீர் புகுந்து பெல்ட் வழுக்கினால் ஆக்சிலேட்டரை முறுக்கிப் போராடாமல் ஓரமாக நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டு உலர்த்த வேண்டும். வீடு சேர்ந்ததும் மூடியைத் திறந்து துருவைப் பார்க்க வேண்டும். மூடியின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் கிழிந்திருந்தால் பசை தடவிச் சமாளிக்காமல் புதிது போடுங்கள்.

திரும்ப மாட்டுதல்

இந்தப் பகுதியை நிதானமாக இருமுறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தொழில் பழகிய காலத்தில் நான் மாட்டிய ஒரு வண்டி கழுதுருட்டி அருகே நின்றுபோனது. முன்புல்லி நட்டு இளகி, கிராங்க் தண்டின் பற்கள் மழுங்கிவிட்டன. இன்ஜினை இரண்டாகப் பிளந்து கிராங்கையே மாற்ற வேண்டியதாயிற்று. நான் நட்டைப் போதுமான அளவு முடுக்கியிருந்தேன், வாஷரும் போட்டிருந்தேன். பெல்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கத் தவறியதே என் பிழை.

முன்புல்லி நட்டின் இறுக்கம் வாஷர், வெளித்தட்டு, புஷ், ரேம்ப் பிளேட் என்ற வரிசையில் பயணம் செய்து கிராங்க் தண்டின் தோளில் போய் நிற்க வேண்டும். இந்தச் சங்கிலியில் பெல்ட்டுக்கு இடமே இல்லை. ஆனால் பெல்ட் பின்புல்லியில் மேலே நின்றால் முன்னால் தளர்ச்சி இருக்காது. அது வெளித்தட்டுக்கும் நகரும் தட்டுக்கும் இடையே நசுங்கிக்கொள்ளும். வெளித்தட்டு புஷ்ஷின் முனையைத் தொடாமலே நட்டு இறுகிவிட்டதாகக் கைக்குத் தோன்றும். வண்டி ஓடி, பெல்ட் நகர்ந்ததும் அந்தப் போலி இறுக்கம் மறைந்து நட்டு தளரும்; தளர்ந்த தட்டு தண்டின் பற்களை அரைத்துவிடும்.

இதைத் தவிர்க்கும் முறை இது. தட்டுகளின் சரிவுகளை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டின் மேலுள்ள எழுத்து அல்லது அம்புக்குறி கையேட்டில் காட்டிய திசையில் இருக்கட்டும். பின்புல்லியின் தட்டுகளைக் கையால் விரித்துப் பெல்ட்டை அதன் அடிவரை அழுத்தி இறக்குங்கள். திரும்ப மேலேறினால் பெல்ட்டின் இரு ஓட்டங்களையும் நடுவில் ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்டிவிடுங்கள். முன்னால் நகரும் தட்டின் தொகுதியைத் தண்டில் ஏற்றி, ரேம்ப் பிளேட் பின்னால் நகர்ந்து ரோலர் எதுவும் குழியிலிருந்து கழன்றுவிடாதபடி இறுக்கிப் பிடித்தபடியே, பெல்ட்டைப் புஷ்ஷின் மேல் தளர்வாகக் கிடத்துங்கள். இப்போது வெளித்தட்டை ஏற்றினால் அது புஷ்ஷின் முனையில் 'டக்' என்று உலோகத்தோடு உலோகமாக உட்கார வேண்டும். தண்டின் பற்கள் தட்டின் துளையில் முழுவதும் நுழைந்திருப்பதும் தண்டின் மரை போதிய அளவு வெளியே நிற்பதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாஷரை வந்த பக்கமே மாட்டி, நட்டை முதலில் விரலால் முடுக்கி, அப்போதும் பெல்ட்டைப் பக்கவாட்டில் அசைக்க முடிகிறதா என்று பாருங்கள். அசைந்தால் மட்டும், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்கு முடுக்குங்கள். கழற்றும்போது காற்றுத் துப்பாக்கியைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. இறுதி முடுக்கலுக்கு அது வேண்டாம், அது மரைக்குத் தாங்கும் அளவை அறியாது.

கயிற்றை அவிழ்த்து, பின்புல்லியைக் கையால் பலமுறை சுற்றிப் பெல்ட்டை அதன் இயல்பான உயரத்துக்கு வரவிடுங்கள். கிக்கர் பற்சக்கரமும் அதன் பிடிக்கம்பியும் தடையின்றி முன்வந்து திரும்புவதை உறுதிசெய்தபின் மூடியைப் பூட்டி, போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

சென்டர் ஸ்டாண்டில் வைத்து இன்ஜினை ஓடவிடும்போது ஐடிலில் பின்சக்கரம் மெல்ல அசைவது இயல்பு. கையால் நிறுத்த முடியாதபடி வலுவாகச் சுழன்றால் ஐடில் வேகமோ கிளட்ச் ஸ்பிரிங்கோ சரியில்லை. சுமையில்லாமல் உச்ச வேகத்துக்கு முறுக்க வேண்டாம். பிறகு ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். ஏற்றத்தில் வண்டியை நிறுத்த நேர்ந்தால் ஆக்சிலேட்டரைப் பாதி முறுக்கிச் சரிவில் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கைப் பயன்படுத்துங்கள். அந்தச் சில நொடிகளில் கிளட்ச் கட்டைகள் தேயும் அளவு பல கிலோமீட்டர் ஓட்டத்தின் தேய்வுக்குச் சமம்.

மூடியைப் பூட்டும் முன் நான் அதன் உட்புறத்தில், மாற்றிய உறுப்புகளின் பெயரையும் அன்றைய கிலோமீட்டர் எண்ணையும் அழியாத மையால் எழுதிவிடுவேன். அடுத்த முறை அதைத் திறப்பவர் புனலூரில் இருந்தாலும் தென்காசியில் இருந்தாலும், எந்த உறுப்பு எவ்வளவு தூரம் ஓடியது என்பதை அவரால் அங்கேயே படித்துக்கொள்ள முடியும்.